அரைப் புள்ளி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது விழுந்ததில் கதிர்காமநாதனின் கழுத்து முறிந்தது. கால்கள் செயலிழந்தன, கைகளில் பாதிப் பலம் மிஞ்சியது. ஆறு வருடங்களாக அக்கா கனகேஸ்வரி வேலைக்குக் கிளம்புமுன் தினமும் அவன் கைகளைப் பிடித்து, "தள்ளு தம்பி, இன்னும் தள்ளு" என்று பயிற்சி கொடுத்து வந்தாள்.

1996இல் நாதன் இடம்பெற்றிருந்த சக்கர நாற்காலி ரக்பி தேசியக் குழு பேங்காக் போகவிருந்தது. அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரின் உடல் பலத்துக்கும் ஏற்பப் புள்ளி உண்டு; பலம் கூடினால் புள்ளியும் கூடும். களமிறங்கும் நால்வரின் புள்ளிகள் சேர்ந்து எட்டைத் தாண்டக் கூடாது. நாதனின் ஒன்றரையோடு சரியாக எட்டு.

பயணத்துக்கு முன் புள்ளிகளைச் சரிபார்க்கும் மறுபரிசோதனை நாளில் கேப்டன் பழனியப்பன் அவன் காதருகே குனிந்தார்.

"கையை லூசா விடு லா. ஹீரோ வேலை காட்டாதே."

நாதன் தலையாட்டினான். ஆனால் பரிசோதகர் முழங்கையைப் பிடித்துத் தள்ளச் சொன்னதும், பழகிய கை தானாகவே தள்ளிவிட்டது. புள்ளி இரண்டாயிற்று.

"அரைப் புள்ளிதானே அண்ணே?"

"எட்டரை ஆகுதுடா. ஒன்னரைக்கு வேற ஆளைத்தான் போடணும்."

வீட்டில் அக்கா அவன் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தேற்றிய கைதான் தன்னை நிறுத்தியது என்று எப்படிச் சொல்வது?

"போகலைக்கா. காய்ச்சல்னு டாக்டர் வேணாம்னுட்டாரு."

அவள் நெற்றியைத் தொட்டாள். "சுடலையே?"

"இப்ப விட்டுருச்சு" என்று நாற்காலியைத் திருப்பினான்.