மச்சம் படாத கிடாரம்

இன்று புத்தளத்தில், நான் ஓதிக்கொடுக்கும் மதரசா விடுதிக் குசினியில், சாம்பலும் தேசிக்காய்த் தோலும் கொண்டு கிடாரத்தைத் தேய்க்கையில் எழுந்த மணம் என்னை நயினாதீவுக்குக் கொண்டுபோனது.

அங்கே நாங்கள் தங்கி ஓதிய சின்ன மதரசாவில், மீனோ இறைச்சியோ படாத கிடாரம் ஒன்று தனியே கவிழ்ந்திருக்கும். அம்மன் கோயில் திருவிழாவில், படகுக்காக வெயிலில் நிற்கும் சனத்துக்கு மோர் கரைக்க மட்டும் அதை நிமிர்த்துவோம். ஒருமுறை மறதியில் அதற்குள் சூடைமீனைக் கழுவிவிட்டு, விரல் எரிய எரியத் தேய்த்தும் மணம் போகாமல், வாசலில் நின்று, திருவிழாவுக்கு விரதமிருந்த எதிர்வீட்டு அக்காவிடம் அழுதோம்.

“மோர் தர ஏலாது அக்கா, மீன் பட்டிட்டுது.”

“சொல்லிப்போட்டியள்தானே, அது காணும்,” என்று தன் வீட்டுக் குடத்தைத் தூக்கித் தந்தார். “இதுக்குள்ள கரையுங்கோ.”

பிறகு துவக்குகளைத் தோளில் மாட்டி வந்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரையும் தீவைவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்த மதரசாவின் சுவர்கூட இன்றில்லை.

இங்கே பக்கத்துக் கோயில் சனத்துக்கென்று நான் வாங்கிவைத்த கிடாரத்தில், நேற்று என் மாணவர்கள் தெரிந்துகொண்டே மாட்டிறைச்சி ஆக்கினார்கள்.

“அவங்களுக்கு என்னத்துக்கு ஹஸ்ரத் தனிச் சட்டி?” என்று ஒருவன் கேட்டான்.

நாளைக்குத் தேர். வாசலில் நின்று அழ ஒரு பிள்ளைகூட இல்லை. நான் மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், மணம் போகவில்லை.