எழுதியவர் என்ற இடத்தில்

இன்னொருத்தியின் உழைப்பின் மேல் என் பெயரைப் போட்டுக்கொண்டேன். ஒருமுறை அல்ல. தெரியாமலும் அல்ல. அதற்குப் பிறகு, அவளுக்கே மேடையில் பொன்னாடையும் போர்த்தினேன்!

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுப் போங்கள். பாதியில் எழுந்து போனால் நான் ஏதோ காசுக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடுவீர்கள். காசாக இருந்திருந்தால் இந்த அரிப்பு இருந்திருக்காது.

நான் திருமயத்துக்காரன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் ஒரு மென்பொருளைக் கவனித்துக்கொள்கிறேன். கணினித் திரையில் இருக்கும் தமிழைப் பார்வையற்றவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருள். இலவசம். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் ஒரு பகுதியை எழுதி அனுப்பலாம். நான் சரிபார்த்துச் சேர்ப்பேன். சேர்க்கும் ஒவ்வொரு பகுதியோடும் அதை எழுதியவர் பெயர் பதிவாகிவிடும். உலகத்தில் யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அந்தப் பெயர்தான் கூலி. எத்தனை கல்லூரிகளில் இதை நான் முழங்கியிருக்கிறேன் தெரியுமா? "தன்னார்வலருக்கு நாம் கொடுப்பது பெயர் ஒன்றுதான். அதிலாவது கஞ்சத்தனம் காட்டாதீர்கள்..." கைதட்டல் வேறு.

மலர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். முந்திரிக்காட்டை ஒட்டிய ஊர். சென்னையில் கோடிங் வேலையில் இருந்தவள், பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டாள். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலை தேடினாள். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: இவ்வளவு வருஷம் என்ன செய்தீர்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் எங்களிடம் வந்தாள். அதை அவள் மறைக்கவும் இல்லை.

"சேவை, அது இதுன்னு நான் சொல்ல மாட்டேண்ணே. எனக்கு வேலை வேணும். இது நான் எழுதுனதுன்னு காட்டுறதுக்கு ஒண்ணு வேணும்" என்றாள், முதல் நாளே, போனில். அந்த வெளிப்படையான பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே அவளுக்கு எது தேவை என்பது எனக்குத் தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது. தெரியும். நன்றாகவே தெரியும்.

அவள் எடுத்துக்கொண்டது எண்களை. திரையில் 1,240 என்று இருந்தால் எங்கள் மென்பொருள் "ஒன்று கமா இருநூற்று நாற்பது" என்று உளறிக்கொண்டிருந்தது. நான் மோதிப் பார்த்துக் கைவிட்ட இடம் அது. மலர் அதைப் பிரித்துப் போட்டு முழுதாகத் திரும்ப எழுதினாள். "ஆயிரத்து இருநூற்று நாற்பது" என்று அது வாசித்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

நிரல் எழுதுவதற்கு எங்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு. இடைவெளி இப்படி விட வேண்டும், பெயர் இப்படி வைக்க வேண்டும் என்று நான் வகுத்தது. அவள் அனுப்பியதில் அது அங்கங்கே பிசகியிருந்தது. திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கலாம். இதைப் போய் விளக்கிக்கொண்டிருப்பானேன் என்று நானே ஒழுங்குபடுத்தி என் கணக்கிலிருந்து சேர்த்தேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் விழுந்தது. அவள் பெயரை இடுவதற்கு இன்னும் ஒரு வரி தட்டியிருந்தால் போதும். பசி நேரம். எழுந்து சாப்பிடப் போய்விட்டேன்.

சரி, முதல் தடவை சோம்பேறித்தனம். அடுத்த தடவை? அதற்கடுத்த தடவை?

பங்களித்தவர்கள் வரிசையில் என் பெயர்தான் எப்போதும் மேலே இருக்கும். அவள் வந்த வேகத்துக்கு, சீக்கிரமே என்னைக் கீழே தள்ளியிருப்பாள். பொறாமை... இதற்கு நாகரிகமாக வேறு சொல் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அதன்பின் அவள் எது அனுப்பினாலும் இரண்டு இடைவெளியைத் திருத்துவேன், என் பெயரில் ஏற்றுவேன். இரண்டு இடைவெளிக்கு நான் எடுத்துக்கொண்ட கூலியைப் பாருங்கள்!

அரிமளத்தில் பார்வையற்ற பாட்டு வாத்தியார் ஒருவர் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறார். ஒருநாள் அழைத்தார். "கரண்ட் பில்லு எவ்வளவுன்னு இன்னைக்கு நானே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன் சார். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடலை. நீங்க நல்லா இருக்கணும் சார்."

"இருக்கட்டும் சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த வாழ்த்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் தன்னார்வலர்களைக் கௌரவிக்க வேண்டும் என்று எனக்கு ஞானம் பிறந்தது. திருமயத்தில் சின்ன மண்டபம் பிடித்தோம். முன்னணியில் இருந்தவர்களுக்குக் கேடயம். அந்த வரிசையில் மலர் இல்லை, எப்படி இருப்பாள்? நெஞ்சு உறுத்த, "சிறப்பு விருந்தினர்" என்று மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினேன். போட்டோவுக்காக இருவரும் சிரித்தோம்.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். "சால்வை எனக்கெதுக்குண்ணே? அந்த நம்பர் வாசிக்கிற பகுதியில என் பேரு இல்லையே. ஒருதரம் பாருங்களேன்."

"அது சிஸ்டம் தானா எடுத்துக்கிறது மலர். அடுத்த ரிலீஸ்ல சரி பண்ணிருவோம்" என்றேன். வாய் கூசவில்லை. ரசம் ஊற்ற ஆள் வந்தார், இலையைக் காட்டினேன்.

இதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஒரு காலை, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்கும்போது போன் வந்தது. சென்னையில் வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பெண். மரியாதையாகப் பேசினாள். "எண்களை வாசிக்கிற பகுதியைத் தான் எழுதினதா எங்ககிட்ட ஒரு கேண்டிடேட் சொல்றாங்க. அங்க உங்க பேருதான் இருக்கு. அதான் உங்ககிட்டயே கேட்டுக்கலாம்னு..."

கேட்டீர்களா? கதவைத் திறந்து வைத்துக் கேட்டாள். "ஆமாம், அவங்க எழுதினதுதான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அடுத்த கேள்வி வருமே, பின்னே ஏன் உங்கள் பெயர் என்று!

"அவங்க... உதவி பண்ணாங்க. நல்ல பொண்ணு" என்றேன்.

உதவி பண்ணாங்க. என் வாயில் வந்த சொல் அது. மலரை ஒரு பொய்க்காரியாக்கிவிட்டு டீக்குக் காசு கொடுத்தேன்.

வேலை கிடைக்கவில்லை. ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "வேலையில கேப் விழுந்துட்டா அவ்வளவுதான் போலண்ணே. நேர்ல நல்லாத்தான் பேசுனாங்க. வீட்டுல இனிமே இந்தக் கம்ப்யூட்டரை மூடி வைங்கறாங்க." அழுதாளா என்று தெரியவில்லை. நான்தான் ஆறுதல் சொன்னேன். இன்னொரு இடம் கிடைக்காமலா போய்விடும் என்று தைரியம் சொன்னேன். "நீங்க ஒருத்தர்தாண்ணே எனக்கு இதையெல்லாம் சொல்றீங்க" என்றாள்.

அதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு திருமயம் கோட்டை வரை போகிறேன், ஒரு காரணமும் இல்லாமல் திரும்பி வருகிறேன். "காலில சக்கரமா கட்டியிருக்கு? இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துக்கிட்டே இருக்கீங்க. என்னதான் பிரச்சினை?" என்கிறாள் மனைவி. ஆபீஸ் டென்ஷன் என்கிறேன். அவளுக்கும் ஒரு பொய்.

போன வாரம் மலர் புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறாள், தேதிகளை வாசிக்கும் பகுதி. கம்ப்யூட்டரை மூடவில்லை போலிருக்கிறது. கூடவே ஒரு குறிப்பு: "அண்ணே, ஒவ்வொரு தடவையும் ஒங்களுக்குத் திருத்துற வேலை வைக்கிறேன். இந்தத் தடவை ஒங்க முறைப்படியே எழுதியிருக்கேன். ஒண்ணும் திருத்த வேண்டியிருக்காது." பார்த்தேன். ஓர் இடைவெளிகூடப் பிசகவில்லை.

இதை அவள் பெயரிலேயே சேர்த்துவிடலாம். அது சுலபம். பழையவை? "இவையெல்லாம் மலர் எழுதியவை, நான் என் பெயரைப் போட்டுக்கொண்டேன்" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும். அந்தக் கம்பெனிக்கும் எழுத வேண்டும். எழுதுகிறேன். அழிக்கிறேன். திட்டத்தின் பெயர் கெட்டுவிடும், மற்றவர்கள் விலகிவிடுவார்கள், கடைசியில் பார்வையற்றவர்கள்தான் சிரமப்படுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எவ்வளவு அழகான சமாதானம்!

உங்களிடமாவது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் என்றா நினைத்தீர்கள்? இல்லை. மலர் என்பது அவள் பெயர் அல்ல, நான் வைத்தது. அவளுக்குச் சங்கடம் வரக் கூடாது என்பதற்காக மாற்றினேன் என்று இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் பெயரைச் சொன்னால், அந்தப் பொன்னாடைப் போட்டோவை வைத்தே நீங்கள் என் பெயரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.