மச்சான் பஸ்ஸுக்கு மூக்கைப் பெரிதாக்கியது

"…நிக்காமப் போனா குதிரையாட்டம் பறக்குது, நின்னுபோட்டா எந்திரிக்க மாட்டேங்குது. இப்ப நான் ஆளை ஏத்தறதா, உடறதா? நீங்களே சொல்லிப்போடுங்க மாப்ள!"

இப்படிக் கேட்டவர் என் மச்சான், என் மனைவிக்கு மூத்தவர். கேட்கும்போது அவருடைய பஸ்ஸை அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். கருமத்தம்பட்டியைத் தாண்டிக் கோயமுத்தூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் முக்கால்வாசி நிறைந்த வண்டி. அதற்கும் பின்னால், நாங்கள் கிளப்பிய புழுதிக்குள், எதிராளியின் புது பஸ்.

யுத்தம் வருவதற்கு முந்திய காலம் அது. அவிநாசி ரோட்டில் முன்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆள், பின்னால் வருகிற பஸ்ஸுக்குப் புழுதி. மச்சான் தன் பங்குக் காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டு இந்த வண்டியை வாங்கியிருந்தார். புது பஸ் வந்ததிலிருந்து இவர் வண்டியில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. "தை பொறக்கறதுக்குள்ள வண்டியை வித்துப்போட்டு எங்கூடக் கிணத்துல மாடு ஓட்ட வந்துருவான், பாருங்க" என்று அந்த அண்ணன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் வண்டியை வேகமாக ஓட வைக்க வழி கேட்டு என்னிடம் வந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த மெக்கானிக் அல்ல. சிங்காநல்லூர் மில்லில் ஃபிட்டர். மோட்டார் வேலை, கழற்றிக் கழற்றி மாட்டியதில் வந்தது. காபி கிளப்பில் ஒரு நாள் மெட்ராஸ்காரர் ஒருவர், பந்தயத்தில் கார் ஓட்டுகிறவர்கள் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்குள் காற்று போகும் வழியை அரத்தால் ராவிப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள் என்று சொன்னார். "மூக்கடைச்சவன் ஓட்டப் பந்தயத்துல ஓடுவானா சார்? என்ஜினுக்கும் மூக்கு இருக்குல்ல?" என்றார். எனக்கு ஒரு பேச்சு பிடித்துவிட்டால் அதன் பின்னாலேயே போய்விடுவேன். அன்றைக்கு அந்த மூக்கின் பின்னால் போனேன்.

ஹெட்டைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்தோம். மூட்டை அடுக்கும் பலகையில் அதைக் கவிழ்த்து வைத்து, காற்று போகும் துவாரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். வார்ப்பு மணலின் தடம் அப்படியே பலாப்பழத் தோல் மாதிரி இருந்தது. உருட்டு அரத்தால் ராவினேன். ஒரு குச்சியைப் பிளந்து எமரி உப்புத்தாளைச் செருகி, கைத் துரப்பணத்தில் மாட்டிச் சுற்றினேன். கார்புரேட்டரிலிருந்து வரும் குழாயின் வாயையும் விடவில்லை. அதில் விளக்குக் கரியைத் தடவி ஹெட்டில் அழுத்தி, கரி ஒட்டாத இடம் பார்த்து இரண்டையும் ஒரே அளவாக்கினேன். உள்ளே வெள்ளித் தம்ளர் மாதிரி மினுங்கியது.

"களியில இரும்பு கடிபடுதுங்க. எங்கண்ணன் வண்டியை நாமளே தின்னு தீத்தறலாமுன்னு இருக்கறீங்களா?" என்றாள் என் மனைவி.

"இன்னுங் கொஞ்சந்தான்."

"எவ்வளவு ராவோணுமுன்னு கணக்கு உண்டுங்களா?"

"போதுமுன்னு தோணற வரைக்கும்."

"தோணறதுக்குள்ள தாண்டிப் போச்சுன்னா? ராவுன இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாதில்லீங்க?"

நான் மண்ணெண்ணெய் ஊற்றித் துவாரத்தைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தேன்.

மாட்டி முடித்த மறுநாள் காலையில் வெறும் வண்டியாகக் கிளம்பினோம். நீலாம்பூர் தாண்டியதும் வண்டி எடுத்த ஓட்டத்தில் மச்சானின் துண்டு தோளிலிருந்து பறந்தது. "ஏனுங்க மாப்ள, மூக்கு வெச்சீங்களா றெக்கை வெச்சீங்களா?" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவிநாசியில் ஆளேற்றித் திரும்பும்போது இன்னொரு விதத்தில் தலைகால் புரியவில்லை. கிளட்சை விட்டால் வண்டி குலுங்கியது, முனகியது, நகர மனமில்லாமல் நகர்ந்தது. "வண்டி இன்னிக்கு விரதமுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்த நிறுத்தத்தில் அணைந்தே போயிற்று. கண்டக்டர் இறங்கி முன்னால் என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றுவதற்குள் புது பஸ் எங்களைத் தாண்டியது. அதன் கண்டக்டர் எங்களைப் பார்த்துத் துண்டை வீசிக் காட்டினான். ஆனால் எங்கள் வண்டி ஒருமுறை வேகம் பிடித்ததும், துண்டை வீசினவனையே தாண்டிவிட்டோம்!

அதே என்ஜின், அதே பெட்ரோல். கெட்டுப்போயிருந்தால் எல்லா நேரத்திலும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? நின்ற இடத்தில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்; கார்புரேட்டரைத் திருகிப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. மூக்கு பெரிதானால் மூச்சு ஏன் திணறுகிறது?

"மூச்சு வாங்கறதுக்கே நேரம் பத்தலீங்களாட்ட இருக்குது" என்றார் பின்சீட்டிலிருந்த ஒரு புகையிலை வியாபாரி.

"காலையில வெறும் வண்டியா என்னமாப் பறந்துச்சுங்க!" என்று நான் வண்டிக்காகப் பரிந்து பேசினேன்.

"ஆளில்லாமப் பறக்கறதுக்குக் காக்கா போதுமுங்களே, பஸ்ஸு எதுக்கு?"

வண்டி முழுக்கச் சிரிப்பு. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: ஆளை ஏத்தறதா, உடறதா?

பெரிய மூக்கு வேகத்தில் ஓடும்போதுதான் காற்றை நன்றாக இழுக்கும், பந்தயக் காரை வழியில் யாரும் கைகாட்டி நிறுத்துவதில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் ரோட்டில் கை தூக்கிய இடமெல்லாம் நிறுத்தம்தான். காட்டுக்குள்ளிருந்து யாராவது "வாரேனுங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டால், அவர்கள் வந்து சேரும்வரை வண்டி நிற்கும். வாரேன் என்றவரை விட்டுப்போவது அந்த வீட்டையே வைது போவது மாதிரி.

நான் வாயைத் திறப்பதற்குள் சோளக்காட்டிலிருந்து அந்தக் குரலே வந்தது: "ஏனுங்கோ, நில்லுங்கோ, வாரேனுங்க!" தலையில் கூடை, கூடையில் கோழிகள், வரப்பின்மேல் ஓட்டமும் நடையுமாக ஒரு அம்மாள்.

பின்னால் புது பஸ்ஸின் ஹாரன். மச்சான் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு காலை அழுத்தினார். அந்த அம்மாளைத் தாண்டிவிட்டோம். என்ஜின் அதுவரை கேட்காத சுருதியில் பாடிக்கொண்டு போனது. எனக்குப் பெருமையாக இருந்ததா, கூச்சமாக இருந்ததா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"கூப்புட்டாங்களே…" என்றார் புகையிலை வியாபாரி, யாரிடமும் என்றில்லாமல்.

மச்சான் பிரேக்கை மிதித்தார். வண்டியை ஓரம் ஒதுக்கினார். புது பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே தாண்டிப் போயிற்று. அதன் புழுதி அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டு, தலையை வெளியே நீட்டி, முனகுகிற வண்டியை அந்தக் கோழிக் கூடையை நோக்கிப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார்.