பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொன்னேன்

என் நண்பனின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். அந்தப் பழியை, கடலுக்கு அப்பால் தன் தொழிலை நேர்மையாகச் செய்த ஒரு பெண்ணின் தலையில் சுமத்தியவனும் நானே!

இரண்டு ஆண்டுகளாக இதை எவரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். வேலூரிலோ வாணியம்பாடியிலோ ஏதோ ஒரு கூட்டத்தில் என் பேச்சைக் கேட்டவராகக்கூட நீங்கள் இருக்கலாம். 'நாவன்மை மிக்க இளைஞர்' என்று என்னை அறிமுகம் செய்திருப்பார்கள். நீங்களும் நம்பியிருப்பீர்கள்... நானும் நம்பினேன்.

நான் ஆம்பூர்க்காரன். கல்லூரிக் காலத்தில் பேச்சுப் போட்டிகளில் தோற்றதே இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அது முழுப் பொய்யும் அல்ல. படிப்பு முடிந்ததும் ஓர் இணையச் செய்தி அலைவரிசையில் செய்தியாளனாகச் சேர்ந்தேன். வாரம் ஒரு முறை ஆஸ்திரேலிய அரசியலைப் பற்றிக் காணொளியில் பேசுவது என் பணி. சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழும் தமிழர்கள் அதைக் கேட்டார்கள். அந்த மண்ணை நான் மிதித்ததே இல்லை!

ஆனால் எத்தனை ஆசையோடு பேசினேன் தெரியுமா? பேச்சாளனுக்கு அவர்களுடைய நாடாளுமன்றக் கேள்வி நேரம் ஒரு விருந்து. எதிர்க்கட்சி கவிழ்ப்பதற்கு முன்பே தங்கள் பிரதமரைச் சொந்தக் கட்சிக்காரர்களே கவிழ்த்துவிட்ட கதைகளைச் சொல்லிச் சிரித்தேன். வாக்களிக்காதவனுக்குத் தண்டம் விதிக்கும் சட்டத்தைப் புகழ்ந்தேன். வாக்குச்சாவடி வாசலில் ரொட்டிக்குள் சாசேஜ் என்ற இறைச்சிக் குழலை வைத்து விற்கிறார்களே, அதையும் விடவில்லை. நாளிதழ்கள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில முதலாளிகளின் கையில் இருப்பதைக் கண்டு கொதித்தேன். "அங்கே எந்தச் செய்தியாளருக்கு மனச்சாட்சி மிச்சமிருக்கிறது?" என்று ஒரு முறை முழங்கினேன்.

மனச்சாட்சியைப் பற்றி... நான்!

இம்தியாஸ் என் வகுப்புத் தோழன். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் ஆளாக இருந்தான். தோலை விரித்து, கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்து, அது எந்தத் தரம் என்று பிரித்துப் போடும் வேலை. அந்தத் திறமைதான் அவனை ஆஸ்திரேலியாவின் ஒரு சிறிய ஊருக்கு, இறைச்சிக் கூடத்தோடு இணைந்த தோல் ஆலைக்குக் கொண்டுபோனது. அவனுடைய விசா அந்த ஆலை முதலாளியோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால், குறித்த நாட்களுக்குள் வேறு முதலாளியைத் தேடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும்.

ஒரு நாள் அவன் தொலைபேசியில் அழைத்தான்.

"இன்னா பேச்சாளரே! உக்காந்த எடத்துலேர்ந்தே இந்த நாட்ட ஆட்டி வைக்கிறியாமே?"

"உங்க பிரதமர் என்னக் கேட்டுட்டுதான் காபியே குடிக்கிறாரு. சொல்லு."

சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவனுடைய ஆலையில், பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் தோலிலிருந்து சதை நீக்கும் இயந்திரத்தில் மூன்று விரல்களை இழந்திருந்தான். வேலை வேகமாக நடக்கட்டும் என்று மேற்பார்வையாளர்தான் இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்னார். அதை இம்தியாஸ் கண்ணால் கண்டான். நிர்வாகமோ, அந்த இளைஞனே தடுப்பைக் கழற்றினான் என்றது. அங்குள்ள ஒரு பெண் செய்தியாளரிடம் இம்தியாஸ் உண்மையைச் சொல்ல, அது நாளிதழில் வந்துவிட்டது.

"யார் கிட்டயும் சொல்லிடாத தோஸ்த். அந்தம்மா என் பேரும் போடல, ஊரும் போடல. இந்தியாவுலேர்ந்து வந்த ஒருத்தர்னு மட்டும்தான் போட்டுருக்காங்க. உன் கிட்ட சொல்லாம இருக்க முடியல, அதான்."

"நான் இன்னா சின்னப் பிள்ளையாடா? சொல்ல மாட்டேன்."

மேடையில் பேசிப் பழகிய எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. 'ஒருவர்' என்று சொல்லவே மாட்டோம். 'ஒருவர் பசித்திருந்தார்' என்றால் கூட்டம் கொட்டாவி விடும். 'கணியம்பாடியில் கடலைக்கொல்லையில் களையெடுப்பவர் பசித்திருந்தார்' என்று சொல்லிப் பாருங்கள்... நாற்காலிகள் முன்னால் நகரும்! ஊரைச் சொல், தொழிலைச் சொல், கண்ணில் காட்டு. அந்த வழக்கம் எனக்குப் பல கோப்பைகளை வாங்கித் தந்திருக்கிறது.

அந்த வார நிகழ்ச்சிக்கு அந்த ஆலைச் செய்தியையே எடுத்துக்கொண்டேன். நான் எழுதி வைத்த தாளில் 'ஒருவர்' என்றுதான் இருந்தது. சத்தியமாக இருந்தது! ஆனால் ஒளிப்பதிவுக் கருவியின் முன் அந்தச் சொல் என் நாவில் எழவில்லை. "ஆம்பூரிலே தோலைத் தொட்டே தரம் சொன்ன ஒரு கை, இன்று ஆஸ்திரேலியாவின் அநீதியைச் சுட்டி நீள்கிறது!" என்றேன்.

பெயரைச் சொல்லவில்லை என்று அன்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஊரைச் சொன்னேன்; தொழிலைச் சொன்னேன். ஆம்பூரிலிருந்து போன செலக்‌ஷன் ஆட்கள் அந்த ஆலையில் எத்தனை பேர்? ஒரே ஒருவன்!

பத்து நாட்கள் கழித்து மறுபடியும் அழைத்தான்.

"என்னத் தூக்கிட்டாங்கடா. 'ஆம்பூர்க்காரன் நீதானே'ன்னு மேனேஜர் நேராக் கேக்குறான். பேசினது ஆம்பூர்க்காரன்னு அவனுக்கு எப்டித் தெரியும்? பேப்பர்க்காரிக்கும் உனக்கும்தான் இந்த விஷயம் தெரியும். நீ சொல்லியிருக்க மாட்ட. அவதான் என்ன மாட்டி வுட்டுட்டா."

நீ சொல்லியிருக்க மாட்ட...

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் இடைவிடாமல் பேசக்கூடிய வாய் இது! "அங்க அப்டித்தான்டா" என்றேன். அவன் தொலைபேசியை வைத்ததும் அந்தக் காணொளியை நீக்கினேன். இரவும் பகலும் வேலை செய்தவன் அதைப் பார்த்திருக்கவில்லை. ஆனால் ஆலைக்குள் தமிழ் தெரிந்த எவரோ பார்த்து, நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார்.

சில நாட்களில் அந்தப் பெண் செய்தியாளரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தமிழ்த் தோழி ஒருவர் என் காணொளியை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தாராம். வசை ஒன்றும் இல்லை. 'அவருடைய ஊரை நான் வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருந்தேன். அவர் என் அழைப்பை ஏற்பதில்லை. நானே சொன்னால், நான் தப்பித்துக்கொள்வதற்காகச் சொல்வதாகத் தோன்றும். நீங்கள் சொல்வதே அவருக்கு நல்லது' என்று மட்டும் எழுதியிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எதிரணி எழுந்திருப்பதற்குள் தாக்கிவிட வேண்டும். அதுவும் மேடைப் பழக்கம்தான். மறுநாளே ஒரு நிகழ்ச்சி செய்தேன். 'நம்பிப் பேசிய தொழிலாளியைக் காட்டிக்கொடுத்த வெள்ளைக்கார ஊடகம்!' என் நிகழ்ச்சிகளிலேயே மிக அதிகம் பகிரப்பட்டது அதுதான். இம்தியாஸும் பார்த்தான். பார்த்து அழுததாகச் சொன்னான். எனக்காக நீ ஒருத்தனாவது கேட்டியே, என்றான்...

வேறு முதலாளி கிடைக்கவில்லை. ஊர் திரும்பினான். இப்போது புறவழிச் சாலையிலுள்ள காலணித் தொழிற்சாலை ஒன்றின் கிடங்கில் வேலை செய்கிறான்.

இது பழைய கதை என்றால், ஒருவேளை நான் மௌனமாகவே செத்திருப்பேன். ஆனால் சென்ற வாரம் பேருந்து நிலையத்தருகே உள்ள தேநீர்க் கடையில் அவன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான்.

"அந்தப் பேப்பர்க்காரி மெயில் அனுப்பிருக்கா. நீளமா இருக்குது. நம்ம இங்கிலீஷ் எல்லாம் டெலிவரி சலான் வரைக்கும்தான். படிச்சி சொல்லு."

படித்தேன். விரல் இழந்த இளைஞனுக்காக அங்கே அரசு விசாரணை நடக்கிறது. தடுப்பைக் கழற்றச் சொன்னதைப் பார்த்த ஒரே சாட்சி இம்தியாஸ். காணொளி வழியாகவே பேசலாம்; இம்மாத இறுதி வரை நாள் இருக்கிறது. அதன் கீழே: 'உங்கள் ஊரை நான் எவரிடமும் சொல்லவில்லை. அது எப்படி வெளியே போனது என்பதை அறிந்தவர் உங்கள் அருகிலேயே இருக்கிறார். அவர் இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.'

இரண்டு ஆண்டுகள் கழித்தும் என் பெயரை அவர் எழுதவில்லை. அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை!

"இன்னாடா, பரிச்சப் பேப்பர் மாதிரி மொறச்சிப் பாக்குற?" என்றான் இம்தியாஸ்.

"ஏதோ விசாரணையாம். வந்து சாட்சி சொல்லச் சொல்றா."

"பாவம்டா அந்தப் பையன். இருபது வயசுகூட இருக்காது. பாட்டுப் பாடிக்கினே வேல செய்வான்." தேநீர் டம்ளரைக் கீழே வைத்தான். "ஆனா அவள எப்டி நம்புறது? ஒரு தடவ பட்டது போதாதா? நீ இன்னா சொல்ற?"

கேட்டான். என்னைக் கேட்டான்! அவன் சாட்சி சொல்லத்தான் விரும்பினான் என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. 'அவரை நம்பு' என்று நான் சொன்னால், 'ஏன்' என்று கேட்பான். அந்த 'ஏன்' வந்தால் நான் என்ன ஆவேன்?

"ஒன் இஷ்டம்டா" என்றேன்.

"அப்போ வேணாம். நல்ல இங்கிலீஷ்ல நீயே எழுதிடு."

எழுதினேன். 'அழைப்புக்கு நன்றி. திரு. இம்தியாஸ் இதில் பங்கேற்க விரும்பவில்லை.' பிழையற்ற ஆங்கிலம். அவன் பெயராலேயே அனுப்பினேன்.

"அவ்ளோதானா? வேற ஒண்ணும் எழுதலியா அவ?"

"அவ்ளோதான்."

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. மன்னிக்க நீங்கள் யார்? விரல் இழந்தவரா, ஊர் திரும்பியவரா, பழி சுமந்தவரா? கேட்பவரின் முகத்தைப் பார்க்காமல் சொல்ல எழுத்தில்தான் முடிகிறது, அதனால் எழுதினேன்.

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. வேலை முடிந்து இம்தியாஸ் தினமும் எங்கள் அலுவலக வாசலைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறான். இன்றும் போனான். வண்டியை நிறுத்தாமலே கையசைத்தான்.

நானும் கையசைத்தேன்.