நான் வெளியே நின்ற ஆட்டங்கள்

தோற்கிற அணியைக் கட்டிக்கொண்டு அழுவதற்கும் ஒரு தலையெழுத்து வேண்டும். எங்கள் வீட்டில் அது எனக்கும் இருந்தது, என் அக்காவுக்கும் இருந்தது. சம்பளத்துக்கு ஆளெடுத்து ஆடுகிற கபடித் தொடர் டி.வி.யில் வர ஆரம்பித்தபோது, நம் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று ஓர் அணியைப் பிடித்தோம். அந்தப் பையன்கள் மறுவருடமே வேறு அணிக்குப் போய்விட்டார்கள். எங்களுக்குத்தான் விட்டுப்போக மனசு வரவில்லை.

அக்கா கம்பத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கு ஆனது நிலைக்கவில்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை. ஆட்டம் இருக்கிற நாளில் ஷிப்டை மாற்றிக்கொண்டு பஸ் பிடித்து ஓடிவருவேன். வந்து என்ன கண்டேன்? கடைசி ஐந்து நிமிடம் வரை ஏழு பாயிண்ட் முன்னால் இருப்பார்கள். அப்புறம் செய்வினை வைத்தது மாதிரி ஒவ்வொருவனாக அவுட்டாகி வெளியே போய் உட்காருவான். அக்கா பொரிந்து தள்ளுவாள்.

"போனஸ் பாயிண்டு எடுக்குறேன்னு போயி காலக் குடுத்துட்டு வர்றான் பாரு. எங்கிட்டப் படிச்ச ஏழாங்கிளாஸ் புள்ள இந்தக் கூத்தப் பண்ணாது."

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. நான் குடத்தோடு வெளியே நின்றேன். உள்ளே எங்கள் அணி ஜெயித்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி. அடுத்த ஆட்டத்துக்கு ஆசையாக உட்கார்ந்தேன், தோற்றார்கள்.

"ஏலே, நீ எந்திரிச்சு வாசலுக்குப் போ. நீ இங்கன உக்காந்தா இவய்ங்க வெளங்க மாட்டாய்ங்க" என்றாள்.

எலும்பு, தசை, மூச்சு என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் பேசுகிற பேச்சா இது? ஆனால் நான் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் நம்பினேன். நான் வாசலில் இருந்தும் பல ஆட்டங்கள் தோற்றார்கள். நான் ஜன்னலில் எட்டிப் பார்த்ததுதான் அதற்குக் காரணம் என்று இருவரும் சேர்ந்து முடிவுகட்டினோம்.

போன வருடம் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கு நடையாக நடந்தோம். கடைசியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

"வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்கன்னு டாக்டரு சொல்லிட்டாக. அதுக்கு நீ ஏன்லே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

கட்டிலை டி.வி.க்கு எதிரே இழுத்துப் போட்டேன். அந்த வருடம் பாவிகள் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெறி பிடித்துவிட்டது. அவள் கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு ஆட்டம் இவர்கள் ஜெயிக்க வேண்டும். அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது? வலியை வாங்கிக்கொள்ள முடியாது. வாசலில் நிற்க முடியும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கஞ்சி புகட்டி, தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே போய்விடுவேன். போ என்று அவள் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டாள். நானாகத்தான் போனேன்.

தொடரில் எங்களுக்குக் கடைசி ஆட்டம். ஜன்னல் பக்கம் நான் திரும்பவே இல்லை. வர்ணனை செய்கிறவரின் குரலை வைத்தே நாங்கள் முன்னால் இருப்பது தெரிந்தது.

"ஏலே" என்று அக்கா கூப்பிட்டாள். குரல் ஈனமாக இருந்தது.

"இந்தா வர்றேன்க்கா, முடியட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "உள்ள வாலே" என்றாள்.

"அஞ்சே நிமிசம்க்கா. நான் வந்தா எல்லாம் கெட்டுப்போகும்."

அப்புறம் அவள் கூப்பிடவில்லை. ஆட்டம் ருசித்துவிட்டது, அதனால்தான் சத்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஐந்து நிமிடமும் படியில் உட்கார்ந்து நான் சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஜெயித்துவிட்டார்கள். உள்ளே ஓடினேன். அக்கா டி.வி.க்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்த்துச் சில்லிட்டிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சுட்டாய்ங்கக்கா" என்றேன்.

"அதுக்கா உன்னையக் கூப்புட்டேன்" என்றாள்.

அதற்கப்புறம் அவளுக்குப் பேச்சு வரவில்லை. எதுக்குக்கா கூப்புட்ட, எதுக்குக்கா கூப்புட்ட என்று கேட்டுக்கொண்டே கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மத்தியானம் அவள் போகிறவரைக்கும் கேட்டேன்.