மூத்தவளின் இருபத்தோராம் நாள்

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் யாரும் எதிரில் நிற்கமாட்டார்கள். மூத்தவள் மட்டும் நிற்பாள். காதை ஆட்டிக்கொண்டு, நான் கத்தி முடிக்கும்வரை முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் என் முழங்காலில் மூக்கால் இடிப்பாள். நூற்றறுபது கிலோ வெண்பன்றி இடித்தால் கோபம் எங்கே இருக்கும்? ஆளே தீவனத் தொட்டிக்குள் இருப்போம்.

பண்ணை என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒன்றரை ஏக்கர் நிலம். நான்கு தாய்ப் பன்றிகள், ஓர் ஆண் பன்றி, குட்டிகள், சிதம்பரத்து ஹோட்டல்களிலிருந்து டிரம்மில் வரும் மிச்சச் சோறு, அவ்வளவுதான். என் கணவருக்குக் குடிகாட்டுப் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பன்றிகள் என் பொறுப்பு. முதன்முதலில் வாங்கிய குட்டி என்பதால் அவளுக்கு மூத்தவள் என்று பெயர் நிலைத்துவிட்டது. கணவர் அப்படிக்கூடச் சொல்லமாட்டார். அவருக்கு எல்லாப் பன்றியும் ‘அது’தான்.

நான்கு ஈத்து போட்ட மூத்தவள், போன வருஷம் இரண்டு தடவை சினை பிடிக்காமல் ஏமாற்றிவிட்டாள். பன்றிக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. பருவத்துக்கு வந்த பன்றியின் முதுகை அழுத்தினால் அசையாமல் நிற்கும், ஆள் ஏறி உட்கார்ந்தாலும் நிற்கும். அப்போது ஆண் பன்றியோடு சேர்க்க வேண்டும். சேர்த்த இருபத்தோராம் நாள் மறுபடி முதுகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உதறிக்கொண்டு ஓடினால் சினை. நின்றால் போச்சு, மறுபடியும் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு தடவையும் என் கணவர் ஏறி உட்கார்ந்தார். இரண்டு தடவையும் அவள் கல்லு மாதிரி நின்றாள்.

“இன்னொரு வாட்டி பாக்கலாம். அப்பவும் புடிக்கலன்னா அதக் கறிக்குக் குடுத்துடலாம்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. கறிக்குத்தானே வளர்க்கிறோம். எத்தனையோ பன்றிகளை நானே வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன், கண்ணைக் கசக்கியதில்லை. மூத்தவள் என்றதும் மட்டும் மனசு ஒப்பவில்லை.

எங்கள் ஆண் பன்றிக்கு அதற்குள் கால் போய்விட்டதால் சினை ஊசி போடுவது என்று முடிவு செய்தோம். வெளியூர்ப் பண்ணை ஒன்றிலிருந்து உசத்தி ஜாதி விந்தைப் பாட்டிலில் அடைத்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். நான் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் கற்றுவைத்திருந்தேன். ஒரு காலையில் மூத்தவள் முதுகை அழுத்தினேன். நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. சோறு இறங்கவில்லை. உடனே அந்தப் பண்ணைக்குப் போன் போட்டேன். மறுநாள் விடிந்ததும் பெட்டி கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த கணவர் வாங்கிவந்தார்.

வண்டியை நிறுத்தும்போதே முகமெல்லாம் பல். “பாரு, எப்பிடி ஜில்லுன்னு கொண்டாந்திருக்கேன்.”

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஐஸ். துறைமுகத்துக்குப் போய், மீனுக்குப் போடுகிற ஐஸை வாங்கி உடைத்து, பாட்டிலைச் சுற்றி அடைத்திருக்கிறார்.

“இன்னா மாமா செஞ்சு வெச்சிருக்க?”

“மாட்டு டாக்டரு கொண்டார்ற கேன்ல பொகையே பறக்குது. அவ்ளோ ஜில்லுல வெக்கிறாங்க. ஜாஸ்தி ஐஸா போட்டாதான் நல்லதுன்னு…”

“அது மாடு. பன்னிக்கி ஜில்லு ஆவாது. உள்ள இருக்கிறதெல்லாம் செத்துப்போயிருக்கும்.”

கடலூர்க்காரருக்கு எது கெடக் கூடாதோ அதன்மேல் ஐஸ் போட வேண்டும். வேறு என்ன தெரியும் அவருக்கு? நானும் சொல்லி அனுப்பவில்லை. இதையெல்லாம் இன்றைக்கு நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு நான் பேசியதை எழுத முடியாது.

பருவம் சாயங்காலம்வரை தாங்கினால் பெரிய விஷயம். கைக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரே ஆண் பன்றி, சிதம்பரத்தைத் தாண்டி வெள்ளாற்றங்கரையில் ஒருவர் வளர்க்கும் நாட்டுப் பன்றி. கறுப்பு. முன்பு ஒருமுறை அவராகவே வந்து, தம் பன்றியோடு மூத்தவளைச் சேர்க்கலாமா என்று கேட்டபோது, ‘அந்தக் கரிக்கட்டை எங்க பொண்ணு பக்கத்துல நிக்கக்கூட லாயக்கில்ல’ என்று விரட்டியடித்தவள் நான். இப்போது வெட்கத்தை விட்டு அவருக்கே போன் போட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “பொண்ணு கேட்டு வந்தப்ப தொரத்துனீங்க. இப்ப நீங்களே மாப்ள கேக்குறீங்களாக்கா? கூட்டியாங்க.”

குட்டியானை வண்டியில் மூத்தவளை ஏற்றுவதற்குள் எங்கள் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். போய் இறங்கிப் பார்த்தால் மாப்பிள்ளையின் தலை மூத்தவளின் வயிற்று உயரம்தான் இருந்தது. அவன் ஆசையாகத்தான் வந்தான். ஏறினான், சறுக்கினான், மறுபடி ஏறினான், மறுபடி சறுக்கினான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

காலையிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்த என் கணவர் அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்தார். கம்பெனி யூனிபார்மைக்கூட மாற்றாமல், மூத்தவளின் பின்னங்கால் இறங்குகிற அளவுக்குப் பள்ளம் தோண்டினார். தூங்காத கண்ணோடு, வேர்த்து ஒழுக ஒழுக. அவளைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினோம். இந்தத் தடவை அவன் சறுக்கவில்லை.

“ஆச்சுக்கா” என்றார் பன்றிக்காரர். நான் கை தட்டிவிட்டேன். எந்த வயசில் எதற்குக் கை தட்டுகிறேன் பாருங்கள்.

இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. சினை இல்லையென்றால் அன்றைக்கே ஏற்றிவிடலாம் என்று கறிக்கடைக்காரரிடம் கணவர் சொல்லிவைத்திருந்தார். விடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். ஊரையே அதட்டுகிற எனக்கு, அவள் முதுகில் கைவைக்கக் கை வரவில்லை. ஞாயிறானாலும் ஷிப்டுக்குக் கிளம்பி நின்ற கணவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“நவுரு” என்று சொல்லிவிட்டு, துவைத்து மடித்த யூனிபார்மோடு அவள்மேல் ஏறி உட்கார்ந்தார்.

அவள் நின்றாள். ஒரு நொடி, இரண்டு நொடி. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாவது நொடியில் ஒரு உதறு உதறினாள். அவர் சேற்றில் மல்லாக்க விழுந்தார். அவள் வீலென்று கத்திக்கொண்டு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வாழ்நாளில் புருஷன் கீழே விழுந்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. கறிக்கடைக்காரர். எழுந்திருக்கக்கூட இல்லை, படுத்தபடியே எடுத்துப் பேசினார்.

“வண்டிய அனுப்பாதீங்க. அவ புள்ளத்தாச்சி.”