பேன் பிடித்த சால்மன்

என் கணவருக்குத் தூண்டில் பைத்தியம். நாங்கள் இருக்கும் சன்னிவேலிலிருந்து விடியுமுன் கிளம்பிப் போய்க் கடல்பாலத்தில் நிற்பார், வெறுங்கையோடு திரும்புவார். ஒருமுறை, வழியில் கடையில் சால்மன் மீன் வாங்கிவந்து, தானே பிடித்ததாகச் சொன்னார். பையில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அன்று சாப்பிட வந்திருந்த சர்ச் நண்பர்கள் அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்யாமல் விட்டதே இல்லை.

சால்மன் பிடிக்க அரசு அனுமதித்திருந்த ஒரு வருடம், ஒரு சனிக்கிழமை நிஜமாகவே ஒன்று மாட்டியது. வரும் வழியிலேயே அதே நண்பர்களை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டு, ஐஸ் பெட்டியைச் சமையலறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திறந்தேன். வால் பக்கம் தட்டையாக, பழுப்பாகப் பேன் போன்ற பூச்சிகள் ஒட்டியிருந்தன. சில நகர்ந்தன. நான் தூத்துக்குடிக்காரி, மீனை அப்படி விட்டுவைக்க மாட்டேன். சுரண்டி எடுத்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, குழம்புக்குத் துண்டு போட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் சிங்க்கைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பேனெல்லாம் எடுத்துட்டியா?"

பிறகுதான் சொன்னார். கடலில் இருக்கும்வரைதான் அந்தப் பேன் ஒட்டியிருக்குமாம். ஆற்றுத் தண்ணீருக்கு வந்தால் சில நாளில் உதிர்ந்துவிடுமாம். பேனோடு மாட்டினால் மீன் அவ்வளவு புதிது என்று அர்த்தம்; கடை மீனில் அது இருக்காதாம். பாலத்தில் நின்றவர்கள் மீனைவிட்டுப் பேனைப் பார்த்துத்தான் கை குலுக்கினார்களாம். ஃபோன் கடலில் விழுந்துவிடும் என்று காரிலேயே வைத்துவிட்டுப் போகிறவர், அதனால் படமும் இல்லை. என்மேல் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எதிர்பார்த்தபடியே, சாப்பிட உட்கார்ந்ததும் நண்பர்களில் மூத்தவரான அங்கிள், இந்தத் தடவை எந்தக் கடை என்று ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்து வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அங்கிள், இது கடை மீன் இல்ல. வால் பூரா பேன் ஊர்ந்துட்டு இருந்துச்சு. நான்தான் சுரண்டி க்ளீன் பண்ணேன்."

சிரிப்பு நின்றது. அங்கிள் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். ஆன்ட்டி ரசம் கேட்டார். மற்றவர்கள் தயிருக்குக் கை நீட்டினார்கள்.

"ஸோ, நிஜமாவே நீதான் புடிச்சியா தம்பி?" என்றார் அங்கிள்.

"ஆமா அங்கிள்" என்று சொல்லிவிட்டு, இவர் இன்னும் இரண்டு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். மிச்சக் குழம்பு முழுவதையும் நாங்கள் இருவருமே புதன்கிழமை வரை சாப்பிட்டுத் தீர்த்தோம்.